கல்லட்டி ஏறும் ஜீப்பும், பானெட் செதிலும், ஒரு டிங்கரின் காதும்

நீளமான இழை இது மக்களே. அவசரத்துல இருக்கறவங்க சேமிச்சு வெச்சுட்டு ராத்திரி படிங்க.

கொஞ்ச நாள் முன்னாடி மசினகுடியில ஒரு மருத்துவ முகாம். பிரஷர், சுகர், கண், காது எல்லாம் பார்க்கிற வழக்கமான முகாம்தான். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

"பேர் என்னங்க ஐயா?"

"அறுபத்தி நாலுங்க சார்."

"இல்லைங்க, பேரு?"

"மேட்டுப்பாளையம் பக்கங்க. இங்க வந்து முப்பது வருசமாச்சு."

பக்கத்துல நின்ன பையன் சிரிச்சுட்டான். பேரன். "தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் சார், ஆனா டிவி சவுண்டு மட்டும் நல்லா கேக்கும்"னு சொன்னான். டிவி சவுண்டை வீட்டுல எவ்வளவு வெக்கிறாங்கனு கேட்டேன். பதிலே சொல்லாம மறுபடி சிரிச்சான்.

குரலைக் கொஞ்சம் உயர்த்தி, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "என்ன தொழில் பண்ணுனீங்க?"

இது பளிச்சுனு புரிஞ்சது. "டிங்கரிங் சார்"னார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். எங்களை ஊட்டியில இருந்து இறக்கிட்டு வந்த பழைய மகிந்திரா ஜீப் வேப்பமரத்தடியில நின்னுட்டு இருந்தது. "அந்த வண்டி பானெட்டு நான் அடிச்சதுதான்."

(அவர் யாருனு தெரியாத அளவுக்குச் சில விவரங்களை மாத்தியிருக்கேன். எழுதிக்கட்டுமானு அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.)

வெளியே போய்ப் பார்த்தேன். காலையில அதே வண்டியிலதான் ரெண்டு மணி நேரம் வந்திருக்கேன், கவனிக்கவே இல்லை. பானெட்டுக்கு மேல ரெண்டு வரிசை. ஒவ்வொண்ணும் ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தகட்டைக் கீறி, ஒரு ஓரத்தை மட்டும் மேலே தூக்கிவிட்ட மாதிரி, மீன் செதில் மாதிரி. எல்லாச் செதிலும் டிரைவரைப் பார்த்துத் திறந்திருக்கு. ஆங்கிலத்துல லூவர்னு சொல்வாங்க. குனிஞ்சு ஓரமா பார்த்தா ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம் தெரியுது. மெஷின்ல அடிச்சிருந்தா அது இருக்காது.

இந்தச் செதிலுக்கு ஒரு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அந்தப் பெரியவரோட காதுக்கு அதைவிடப் பழைய வரலாறு இருக்கு. ரெண்டையும் சொல்லத்தான் இந்த இழை.

முதல்ல செதில் எதுக்குன்னு பார்த்துடுவோம்.

வண்டிக்குப் போடுற எரிபொருள்ல இருக்கிற சக்தி முழுசா சக்கரத்துக்குப் போறதில்லை. தோராயமா மூணுல ஒரு பங்கு சைலன்சர் வழியா சூடா வெளியே போயிடும். இன்னொரு மூணுல ஒரு பங்கு எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணிக்குப் போகும். அந்தச் சூட்டை ரேடியேட்டர் காத்துல கரைக்கணும். சமவெளியில வண்டி வேகமா போகும்போது முன்னாடி இருந்து காத்து தானா அடிக்கும், பிரச்சினை இல்லை.

மலையில கதையே வேற. மசினகுடியில இருந்து கல்லட்டி வழியா ஊட்டிக்கு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனா 36 கொண்டை ஊசி வளைவு. கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்துல கிளம்பி 2,240 மீட்டருக்கு ஏறணும். கூடலூர் சுத்திப் போனா இருமடங்குக்கு மேல தூரம், ஆனா ஏத்தம் நிதானமா இருக்கும். கல்லட்டியில முதல் கியர், ரெண்டாவது கியர்தான். எஞ்சின் முழு மூச்சா உழைக்குது, வண்டியோ நடக்குற வேகத்துல போகுது. காத்து வராது. ஃபேன் மட்டும்தான் கதி.

இதுக்கு மேல இன்னொரு சங்கடம். உயரம் போகப் போகத் தண்ணி சீக்கிரமே கொதிக்கும். கடல் மட்டத்துல 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி ஊட்டி உயரத்துல 92, 93 டிகிரியிலயே கொதிக்க ஆரம்பிச்சுடும். அங்க பருப்பு வேக ஏன் லேட்டாகுதுனு கேக்குற சமவெளி மருமகள்களுக்கு இதுதான் பதில். இன்னைக்கு வண்டிகள்ல ரேடியேட்டர் மூடியே அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சுக் கொதிநிலையை உயர்த்திடுது. அந்தக் காலத்து வண்டிகளுக்கு அந்த மூடி கிடையாது. எஞ்சினுக்கு வேலை அதிகம், காத்து கம்மி, தண்ணியும் சீக்கிரம் கொதிக்கும். மலையேறுற டிரைவர்கள் தண்ணி கேன் இல்லாம கிளம்ப மாட்டாங்கங்கறது இதனாலதான்.

ரேடியேட்டரைத் தாண்டி உள்ளே வந்த சூடான காத்து வெளியே போக வழி வேணும். பானெட் மூடி போட்ட பானை மாதிரி. உள்ள வந்தது வெளியே போகலைன்னா புதுசா எதுவும் உள்ள வராது. அதுக்குத்தான் செதில். வாய் பின்பக்கம் பார்த்து இருக்கறதால, வண்டி ஓடும்போது மேலே போற காத்து உள்ள இருக்கிற சூட்டை இழுத்துட்டுப் போகும். வண்டி நின்னாலும் சூடான காத்து மேலே எழும்பித் தானா வெளியேறும்.

எங்க வெட்டுறோம்ங்கறதும் முக்கியம். முன் கண்ணாடிக்கு ஒட்டி வெட்டினா வேலைக்கு ஆகாது. கண்ணாடியில மோதுற காத்து அங்க தேங்கி அழுத்தம் கூடி நிக்கும், சூடு வெளியே போறதுக்குப் பதிலா காத்து உள்ள தள்ளும். ரேடியேட்டருக்குக் கொஞ்சம் பின்னாடி வெட்டினாத்தான் இழுக்கும். நம்ம பெரியவர் பாடப் புத்தகம் படிச்சவர் இல்லை. ஆனா அவர் வெட்டின ரெண்டு வரிசையும் முன்பாதியிலதான் இருக்கு. எப்படித் தெரியும்னு கேட்டேன். பானெட்ல நூல் துணுக்கை ஒட்டிட்டு ஓட்டிப் பார்ப்போம், எந்தப் பக்கம் ஆடுதுனு தெரிஞ்சுடும்னார். காத்தியக்கம் படிச்ச இன்ஜினியர்களும் இதைத்தான் பண்றாங்க.

மசினகுடியில இதே வேலையைப் பார்க்குற இன்னொருத்தரும் உண்டு. யானை. அதோட காது கேக்குறதுக்கு மட்டும் இல்லை. மெல்லிய தோல், அதுக்குள்ள வலை மாதிரி ரத்தக் குழாய்கள். சூடான ரத்தம் அங்க ஓடும்போது காதை விசிறினா உடம்பு குளிரும். முதுமலை பக்கம் போறவங்க, யானை சும்மா நிக்கும்போது காதை ஆட்டுதேனு பார்த்திருப்பீங்க. அதுதான் ரேடியேட்டர்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

ஆரம்பகாலக் கார்கள்ல பானெட் இன்னைக்கு மாதிரி ஒரே மூடி இல்லை. நடுவுல கீல் வெச்சு, ரெண்டு பக்கமும் பறவை இறக்கை மாதிரித் தூக்குவாங்க. பக்கவாட்டுத் தகட்டுலதான் செதில் இருக்கும். ஃபோர்டு மாடல் டி காருக்கு 1915 மாடல்ல இருந்து பானெட் பக்கத்துல செதில் வந்தது. அந்தக் கார்ல தண்ணி பம்பே கிடையாதுங்கறதையும் நினைச்சுப் பாருங்க. சூடான தண்ணி மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும், அவ்வளவுதான் சுழற்சி. 1920, 30-கள்ல வந்த கார்கள்ல பெரும்பாலானவைக்கு இந்தச் செதில் வரிசை உண்டு. கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்துற கார் அருங்காட்சியகத்துக்குப் போனா, பானெட் பக்கவாட்டைப் பார்த்துட்டு வாங்க. பிள்ளைங்க விளக்கையும் ஹாரனையும் பார்ப்பாங்க, நீங்க இதைப் பாருங்க.

தமிழ்நாட்டுல தகட்டுல வண்டி உடம்பு செய்யுற வேலை கார் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. சென்னையில 1840-ல ஆரம்பிச்ச சிம்சன் கம்பெனி குதிரை வண்டி செஞ்ச கம்பெனி. அதே பட்டறையில 1903-ல சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில ஓடுற காரைக் கட்டினார். குதிரை வண்டிக்கு மரமும் தோலும் தகடும் வேலை செஞ்ச கைதான் காருக்கும் மாறுச்சு. அதுக்குப் பின்னாடி இன்னும் பழைய கை ஒண்ணு இருக்கு. தகட்டை அடிச்சு அடிச்சுக் குடமும் அண்டாவும் ஆக்கின கன்னார்கள் கை. உலோகத்தை இழுத்து நீட்டுற வித்தையும், சூடு காட்டி இளக்குற வித்தையும் அங்க இருந்ததுதான். கன்னாரத் தெருனு பேர் வெச்ச தெருக்கள் பல ஊர்ல இன்னும் இருக்கு. இந்தத் தெருவை ஞாபகத்துல வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

மேலைநாட்டுல கையால செதில் அடிக்கிற காலம் சீக்கிரமே முடிஞ்சது. பெரிய பிரஸ் வந்துடுச்சு. மேல ஒரு அச்சு, கீழ ஒரு அச்சு, நடுவுல தகடு. ஒரே இடி. கீறுறதும் தூக்குறதும் ஒரே நொடியில முடியும். இதுக்கு நல்ல உதாரணம் ஜீப்போட முகமே. ரெண்டாம் உலகப் போர்ல வில்லிஸ் கம்பெனி தன் ஜீப்புக்கு முன்பக்க கிரில்லை இரும்புப் பட்டைகளை ஒண்ணொண்ணா வெல்டிங் பண்ணித்தான் செஞ்சது. ஃபோர்டு கம்பெனி ஒரே தகட்டுல பிரஸ்ல துளை அடிச்சு விட்டது. எடை கம்மி, செலவு கம்மி. அப்புறம் வில்லிஸும் அதையே எடுத்துக்கிச்சு. அந்த ராணுவ ஜீப்புக்கு ஒன்பது துளை. 1945-ல பொதுமக்களுக்கு வந்த ஜீப்புக்கு ஏழு. ஜீப்புனா நம்ம கண்ணுக்கு வர்ற அந்த முகம், செலவைக் குறைக்கப் போட்ட துளைதான்.

இந்தியாவுல மட்டும் கைவேலை ஏன் நின்னு பிடிச்சது?

இங்கதான் கதை சுவாரசியமாகுது. 1928-ல ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில கார்களைக் கோத்து விக்க ஆரம்பிச்சது. ஃபோர்டும் வந்தது. நீலகிரி எஸ்டேட் பங்களாக்கள்ல செவர்லேயும் ஃபோர்டும் ஆஸ்டினும் நின்னுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம், 1953-ல மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து கோக்க மட்டும் செய்யுற கம்பெனிகள் வேண்டாம், இங்கேயே உற்பத்தி செய்யுறதா இருந்தா இருக்கலாம்னு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-க்குள்ள கடையைக் கட்டிட்டாங்க. கார்கள் இங்கேயே இருந்துச்சு, தாய்க் கம்பெனி போயிடுச்சு. இறக்குமதிக்கு ஏகப்பட்ட கெடுபிடி. பானெட் நசுங்கினா புது பானெட் எங்க வாங்குவீங்க?

டிங்கர்கிட்டத்தான் போகணும். அவர்தான் ஸ்பேர் பார்ட்ஸ் தொழிற்சாலை.

ஜீப்பும் அப்படித்தான். போர் முடிஞ்சதும் ராணுவம் கழிச்சுப் போட்ட ஜீப்புகள் ஏலத்துல வந்துச்சு. டிஸ்போசல் வண்டினு சொல்வாங்க. 1940-களோட கடைசியில மகிந்திரா பம்பாயில வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பிச்சு, பிறகு இங்கேயே தயாரிச்சது. 1953-ல அமெரிக்காவுல வந்த ஒரு மாடல், எஞ்சின் உயரமா இருந்ததால பானெட்டையும் உயர்த்திக் கட்டினது. அந்த உயர பானெட் உருவம் அமெரிக்காவுல நின்னுபோன பிறகும் நம்ம ஊர்ல பல பத்தாண்டுகள் ஓடுச்சு. நீலகிரியில எஸ்டேட், வனத்துறை, மின்வாரியம், எல்லாத்துக்கும் ஜீப்தான்.

மின்வாரியம்னு சொன்னதும் ஒரு சின்ன விலகல். மசினகுடி பக்கத்துல சிங்காரா. பைக்காரா தண்ணியை மலை மேல இருந்து குழாய்ல இறக்கி 1932-ல மின்சாரம் எடுத்தது இங்கதான். அந்தக் கரண்டு கோயம்புத்தூருக்குப் போய் மில்லை ஓட்டுச்சு, கிணத்துல மோட்டார் ஓட்டுச்சு, அந்த மோட்டார் செய்யுற ஃபவுண்டரியையும் லேத் பட்டறையையும் ஓட்டுச்சு. கோவை பட்டறை ஊரா ஆனதுல சிங்காராவுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரியவர் தொழில் கத்துக்கிட்டது அந்தப் பட்டறைகள் உருவாக்கின உலகத்துலதான். பன்னிரண்டு வயசுல மேட்டுப்பாளையத்துல ஒரு பட்டறையில சேர்ந்தார். 1970-களோட ஆரம்பம். எஸ்டேட்ல இருந்து இறங்கி வர்ற கிழட்டுக் கார்களுக்குத் தகடு அடிக்கிறதுதான் முதல் பாடம்.

செதில் எப்படி அடிப்பீங்கனு கேட்டேன். கேள்வி புரிஞ்சதும் முகமே மாறிடுச்சு. முகாம் மேஜையில இருந்த மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பிச்சுட்டார். பின்னாடி வரிசையில இருந்தவங்க மன்னிக்கணும்.

தகடு 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல்ல கோடு போடணும். எல்லாக் கோடும் ஒரே நீளம், ஒரே இடைவெளி. கோட்டோட ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு ஓட்டை. இது ரொம்ப முக்கியம். ஓட்டை இல்லாமக் கீறினா, பின்னாடி வண்டி அதிர அதிர முனையில இருந்து விரிசல் ஓட ஆரம்பிச்சுடும். வட்டமான ஓட்டை இருந்தா விரிசல் அங்கேயே நின்னுடும். அப்புறம் தகட்டை ஈயக் கட்டி மேல வெச்சு உளியால கோட்டைக் கீறணும். ஈயம் மெத்துனு இருக்கறதால உளி முனையும் போகாது, தகடும் நெளியாது.

அடுத்தது அச்சு. கனமான இரும்புப் பட்டையில செதில் உருவத்துக்குக் குழி வெட்டி வெச்சிருப்பார். தகட்டைத் திருப்பி அந்தக் குழி மேல வெச்சு இறுக்கிக் கட்டிட்டு, முனை மழுங்கின கருவியை வெச்சு சுத்தியலால மெதுவா அடிச்சு இறக்கணும். நடுவுல அடிச்சா நடு மட்டும் இறங்கும், ஓரம் கிழியும். ரெண்டு முனையிலயும் தகடு நீளணும், அங்கதான் வித்தை. பொறுமை இல்லாதவன் முதல் செதில்லயே கிழிச்சுடுவான். இறுகிப் போச்சுன்னா கேஸ் தீயைக் காட்டி இளக்கிட்டு மறுபடி அடிக்கணும். ஒரு செதிலுக்கு நூத்துக்கணக்குல அடி.

செதில் அடிச்சு முடிச்சா வேலை முடிஞ்சதுனு நினைச்சேன். "அதுக்கப்புறந்தான் சார் வேலையே"னார். ஒரு இடத்துல தகட்டை நீட்டினா, மத்த இடமெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி முறுக்கிக்கும். நேரா இருந்த பானெட் அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்கும். விரலால அழுத்தினா டொக்குனு உள்ளே போகும், விட்டா வெளியே வரும். அதை மறுபடி சமமாக்கணும். அடியில டாலிங்கற இரும்புக் கட்டியைப் பிடிச்சுக்கிட்டு, மேலே சுத்தியலால தட்டித் தட்டி. இதுக்குத்தான் நாள் கணக்குல ஆகும். இதனாலயே வரிசையா ஒரு முனையில இருந்து அடிச்சுட்டுப் போக மாட்டாங்க. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அடிச்சு இழுப்பைப் பங்கு போடுவாங்க.

இப்போ சொன்னார் பாருங்க, அதுதான் என்னை இந்த இழை எழுத வெச்சது. "தகடு எங்க இழுக்குது, எங்க தளர்ந்திருக்குனு கண்ணுக்குத் தெரியாது சார். சத்தத்துலதான் தெரியும். இறுகின இடத்துல கிண்ணுனு வரும். தளர்ந்த இடத்துல தொப்புனு வரும். டாலி நேரா இருந்தா ஒரு சத்தம், விலகினா வேற சத்தம். காதுதான் சார் எங்களுக்கு ஸ்கேலு."

அந்தக் காதைத்தான் அதே சத்தம் தின்னுடுச்சு.

இப்போ டாக்டர் பேசுறேன்.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு. அதுக்குள்ள ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள். சத்தத்தை நரம்பு சமிக்ஞையா மாத்துறது இதுங்கதான். பிறக்கும்போது கொடுத்ததுதான் கணக்கு. செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. தோல் வளரும், எலும்பு கூடும், கல்லீரல்கூட வளரும். இது வளராது.

பெரிய சத்தம் வந்தா காதுக்குள்ள ஒரு குட்டித் தசை சுருங்கி அதிர்வைக் குறைக்கும். இயற்கை கொடுத்த பாதுகாப்பு. ஆனா அது வேலை செய்ய நொடியில பத்துல ஒரு பங்கு வரைக்கும் நேரம் எடுக்கலாம். இடி மாதிரி மெதுவா உருண்டு வர்ற சத்தத்துக்கு அது போதும். சுத்தியல் அடி அதுக்குள்ள உள்ள போயிட்டு வந்துடும். தகட்டு வேலை இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டுறது சாதாரணம். 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லைனு அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டா 100 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிஷம். நம்ம ஆள் ஐம்பது வருஷமா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்.

இரைச்சலால வர்ற செவிட்டுத்தன்மைக்கு ஒரு கையெழுத்து உண்டு. முதல்ல 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். பரிசோதனை வரைபடத்துல வி மாதிரி தெரியும். பேச்சுல உயிரெழுத்து ஓசைகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ல இருக்கும், அது கேக்கும். க, ச, த, ப மாதிரி மெல்லிசா வெட்டிப் போற ஓசைகள்தான் மேல இருக்கு, அது போயிடும். அதனால "பேசுறது கேக்குது சார், என்ன பேசுறாங்கனுதான் புரியல"ம்பாங்க. பேரைக் கேட்டா வயசைச் சொல்றது இதனாலதான். வீட்டுல இருக்கறவங்க "வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கறார்"னு சொல்லுவாங்க. நடிப்பு இல்லைங்க. கொஞ்ச நாள்ல கல்யாண வீட்டுக்குப் போறதை நிறுத்திடுவாங்க. கூட்டத்துல எதுவும் புரியாது, தப்பா பதில் சொன்னா சிரிப்பாங்கனு பயம்.

இது புதுசா கண்டுபிடிச்ச நோய் இல்லை. இத்தாலியில பெர்னார்டினோ ராமஸ்ஸினினு ஒரு மருத்துவர். தொழிலாளர்களுக்கு வர்ற நோய்களைப் பத்தி 1700-ல ஒரு புத்தகம் போட்டார். 1713-ல விரிவாக்கின பதிப்பு வந்தது. வெனிஸ் நகரத்துல செம்புப் பாத்திரம் அடிக்கிறவங்க எல்லாரும் ஒரே பகுதியில இருந்து நாள் முழுக்க அடிக்கிறதையும், அந்த இரைச்சல்ல அவங்க காது மந்தமாகி வயசான காலத்துல முழுச் செவிடாகிறதையும் அதுல எழுதியிருக்கார். வெனிஸ்ல ஒரு கன்னாரத் தெரு! நோயாளிகிட்ட மருத்துவர் "என்ன தொழில் பண்றே"னு கட்டாயம் கேக்கணும்னு சொன்னவரும் இவர்தான். நான் முகாம்ல கேட்ட கேள்வி முந்நூறு வருஷம் பழையது.

1886-ல கிளாஸ்கோவுல தாமஸ் பார்ங்கற காது மருத்துவர் பாய்லர் செய்யுற தொழிலாளர்கள் 100 பேரைச் சோதிச்சார். இரும்புத் தகட்டுல ஆணி அடிக்கிறவங்க. சிலர் பாய்லருக்கு உள்ளேயே உட்கார்ந்து அடியைத் தாங்கிப் பிடிப்பாங்க. ஒப்பிட்டுப் பார்க்கத் தபால்காரர்களையும் சோதிச்சார். அந்த 100 பேர்ல ஒருத்தருக்குக்கூட இயல்பான காது இல்லை. பாய்லர்காரன் காதுங்கற பேரே நோய்க்கு நிலைச்சுடுச்சு.

நம்ம நாட்டுச் சட்டமும் இதை மறக்கலை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணையில, மருத்துவர் கண்டா அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள்ல இரைச்சலால வர்ற செவித்திறன் இழப்பும் ஒண்ணா இருந்தது. ஆனா அந்தச் சட்டப்படி தொழிற்சாலைனா மின்சாரம் வெச்சு வேலை செய்யுற இடத்துல பத்துப் பேர், மின்சாரம் இல்லைன்னா இருபது பேர் இருக்கணும்னு இருந்தது. ரெண்டு பேரும் ஒரு பொடியனும் இருக்கிற ரோட்டோரப் பட்டறை எந்தக் கணக்குலயும் வராது. கார்களை உயிரோட வெச்சிருந்த கைகள்ல பாதி அந்தப் பட்டறைகள்லதான் இருந்துச்சுனு நான் நினைக்கிறேன்.

காதுல பஞ்சு வெச்சா போதுமானு உடனே கேப்பீங்க. பஞ்சு பெரிசா ஒண்ணும் தடுக்காது. முறையான அடைப்பானோ, தலைக்கு மேல மாட்டுற காதுறையோதான் வேணும். நானும் அதைத்தான் பெரியவர்கிட்டச் சொன்னேன், கொஞ்சம் அறிவுரை தொனியில. அவர் கேட்ட திருப்பிக் கேள்விக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்லை. "காதை அடைச்சுட்டா தகடு பேசுறது எப்படி சார் கேக்கும்?"

நாம இதை அலட்சியம்னு நினைக்கிறோம். ஹெல்மெட் போடாதவன் மாதிரி. ஆனா அவருக்கு அது கருவியை உறையில போட்டுட்டு வேலை பண்ணுனு சொல்ற மாதிரி. யோசிச்சுட்டுச் சொன்னேன். கீறும்போதும் அச்சுல அடிச்சு இறக்கும்போதும் சத்தம் கேக்க வேண்டியதில்லை, அப்போ முழுசா மூடிக்கலாம். சமப்படுத்துற வேலையில அடி லேசுதான். அப்பவும் எல்லா ஓசையையும் ஒரே அளவா குறைக்கிற வகை அடைப்பான் இருக்கு, இசைக் கலைஞர்கள் போடுறது. கிண்ணும் தொப்பும் வித்தியாசம் தெரியும், அளவுதான் குறையும். மேளம், தவில் வாசிக்கிறவங்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

அவர் பேரனைப் பார்த்தார். பேரனுக்கு 19 வயசு. தாத்தாகிட்டத்தான் தொழில் கத்துக்கறான். சஃபாரி ஜீப்புக்குப் பானெட்ல செதில் கேக்குறவங்க இப்போ அதிகமாம். சூட்டுக்காகப் பாதி, பார்க்க கெத்தா இருக்கும்னு பாதி. பிரஸ்ல அடிச்ச ரெடிமேட் தகடு வாங்கி வெட்டி ஒட்டலாம், ஆனா வளைஞ்ச பானெட்டுக்கு அது உட்காராதுனு பையன் சொன்னான். அவன் காதையும் அன்னைக்கே பார்க்கலாம்னேன். "எனக்கெல்லாம் நல்லா கேக்கும் சார்"னான். முகாம்ல இருந்த சின்ன கருவியில வெச்சுப் பார்த்தோம். 4,000-ல ரெண்டு பக்கமும் லேசா ஒரு பள்ளம் ஆரம்பிச்சிருக்கு. ஊட்டிக்கு வந்து முழுப் பரிசோதனை எடுக்கணும்னு எழுதிக் கொடுத்தேன். தாத்தாவுக்குக் காது கேட்கும் கருவிக்கும் சேர்த்துத்தான்.

பையன் சீட்டை வாங்கி மடிச்சுப் பையில வெச்சான். சிரிக்கலை.

சாயங்காலம் கிளம்பும்போது பெரியவர் ஜீப் பக்கத்துல நின்னார். இப்போ சத்தம் சரியா கேக்குறதில்லையே, சமப்படுத்துற வேலையை எப்படிச் செய்யறீங்கனு கேட்டேன். முதல் தடவை புரியலை. ரெண்டாவது தடவை கைஜாடையோட கேட்டேன். அவர் தோள்ல கிடந்த துண்டை எடுத்துப் பானெட் மேல விரிச்சார். அதுக்கு மேல உள்ளங்கையை வெச்சு, ரொம்ப மெதுவா, கண்ணாடிப் பக்கத்துல இருந்து முன்பக்கம் வரைக்கும் தடவிட்டு வந்தார். வெறும் கையில வழுக்கிட்டுப் போயிடும், துணி இருந்தா மேடு பள்ளம் கையில தெரியும்னார். ரெண்டாவது வரிசையில மூணாவது செதில் கிட்ட கை நின்னுச்சு. பேரனைக் கூப்பிட்டு அவன் கையையும் அங்க வெச்சார்.

"இங்க கொஞ்சம் தூக்கியிருக்கு. அன்னைக்கு விட்டுட்டேன்."

நானும் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. டிரைவர் வண்டியை எடுத்தார். பதினஞ்சாவது வளைவோ என்னவோ, ஒதுங்க இடம் இருந்த ஒரு திருப்பத்துல நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டே ரேடியேட்டர் முள்ளைப் பார்த்தார். குளிர்ல பானெட் செதில் வழியா சூடான காத்து அலையலையா எழும்பிட்டு இருந்தது. முள் நடுவுலதான் நின்னுச்சு. கேன்ல இருந்த தண்ணியை எடுக்க வேண்டி வரலை.